பாயின்ட் வைக்கத் தெரிந்தால் பாதிப் புல்லட் தெரிந்த மாதிரி

பழைய என்ஃபீல்டு புல்லட்டுக்கு வழங்கும் "காஸ்ட் அயர்ன்" என்ற பெயரைக் கேட்டு எஞ்சின் முழுக்க இரும்பு என்று நினைப்பவர்கள் உண்டு. சிலிண்டர் மட்டும்தான் வார்ப்பிரும்பு, ஹெட் அலுமினியம். அதனால் ஹெட்டில் மாட்டும் ஸ்பார்க் பிளக்கைக் கையாலேயே கடைசி வரை சுற்றிவிட்டு, புது வாஷர் என்றால் ஸ்பேனரில் கால் சுற்று, அதிகம் போனால் அரைச் சுற்று கொடுத்தால் போதும். தெருவோரத்தில் அவசரமாக மாற்றிய பிளக்குகளால் மரை போன ஹெட்கள் லேத் பட்டறைகளுக்கு வந்துகொண்டே இருக்கின்றன.

மெட்ராஸ் மோட்டார்ஸும் இங்கிலாந்தின் ரெட்டிச் ஊரிலிருந்த ராயல் என்ஃபீல்டு கம்பெனியும் 1955-இல் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கின. திருவொற்றியூரில் பிறந்த 350 புல்லட்டின் 70 மி.மீ. போர் (சிலிண்டர் விட்டம்), 90 மி.மீ. ஸ்ட்ரோக் (பிஸ்டன் ஓடும் தூரம்), 346 சி.சி. என்ற அளவுகள் ரெட்டிச்சிலிருந்து வந்தபடியே பல பத்தாண்டுகள் நீடித்தன. அதனால் நட்டு போல்டிலும் இங்கிலாந்துக்காரன் வாடை உண்டு. பல இடங்களில் பழைய இன்ச் மரைதான். 13, 14 ஸ்பேனரை வைத்து "ஏறக்குறைய" என்று திருகினால் நட்டின் முனை மழுங்கிவிடும். 3/16, 1/4, 5/16 விட்வொர்த் (பழைய பிரிட்டிஷ் இன்ச் அளவு) ஸ்பேனர்கள் ஒரு செட் வாங்கிவிடுங்கள். இந்த வண்டிக்கு முதல் அப்கிரேடு அதுதான்.

வீட்டுக்குக் கொண்டுவந்த பழைய புல்லட் கிக்கருக்கு மசியவில்லை, சூடானதும் நிற்கிறது, இழுவை இல்லை என்றால் பெரும்பாலோர் முதலில் கார்புரேட்டரைக் கழற்றுகிறார்கள். அதைத் தொடாதீர்கள். முதலில் பாயின்ட், அதாவது காயிலுக்குப் போகும் மின்சாரத்தைத் துண்டித்து பிளக்கில் தீப்பொறி வரவைக்கும் சின்ன ஸ்விட்ச்.

சிலிண்டருக்குப் பின்னால் நிற்கும் டிஸ்ட்ரிபியூட்டரின் மூடியைத் திறந்து, பாயின்டின் முகங்களைப் பாருங்கள். சாம்பல் நிறத்தில் சமமாக இருந்தால் நல்லது. ஒரு பக்கம் குழியும் மறுபக்கம் முளையுமாக இருந்தால், பாயின்ட் கருகாமல் காக்கும் கன்டென்சர் சரியில்லை. புதுப் பாயின்ட் போட்டாலும் சில நூறு கிலோமீட்டரில் அதே கதைதான். வண்டி ஓடும்போது பாயின்டில் பெரிய தீப்பொறி கண்ணுக்குத் தெரிந்தாலும் குற்றவாளி கன்டென்சரே. கடையில் கிடைக்கும் சின்னக் கன்டென்சர்களில் பாதிக்கு மேல் சூட்டைத் தாங்குவதில்லை. கார்களுக்கு வரும் 0.2 மைக்ரோஃபாரட் அளவுள்ள ஒன்றை எஞ்சினிலிருந்து தள்ளி, காயில் பக்கத்தில் பொருத்தி ஒயர் இழுத்துவிட்டால் நிம்மதி.

பாயின்ட் முழுக்கத் திறந்திருக்கும் நிலையில் இடைவெளி 0.35 முதல் 0.40 மி.மீ. வரை இருக்க வேண்டும். ஃபில்லர் கேஜ் (இடைவெளி அளக்கும் தகடு) லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். இழுத்துப் பிடுங்கும்படி இருக்கக் கூடாது. இதை முடித்த பிறகுதான் டைமிங், அதாவது பிளக்கில் தீப்பொறி விழும் நேரம். வரிசை மாறினால் செய்த வேலை வீண், ஏனென்றால் இடைவெளி கூடினால் பாயின்ட் முன்கூட்டியே திறக்கும், டைமிங்கும் முன்னால் போய்விடும்.

வேகம் கூடக்கூட விரிந்து தீப்பொறியை முன்னால் தள்ளும் அட்வான்ஸ் எடைகள் ஓய்வில் இருக்கும்போது, பிஸ்டன் உச்சிக்கு 0.8 மி.மீ. கீழே இருக்கையில் பாயின்ட் திறக்கத் தொடங்க வேண்டும். கிராங்க் கணக்கில் அது கிட்டத்தட்ட 10 டிகிரி. பிளக் ஓட்டை சாய்வாக இருப்பதால் அதன் வழியே ஸ்போக் கம்பியை விட்டு அளப்பது உத்தேசமே. பிரைமரி கவர் (கிளட்ச் பக்கத்து மூடி) கழன்றிருக்கும் சமயமாக இருந்தால், கிராங்க்கோடு சுற்றும் ரோட்டரின் முனையில் டிகிரி தட்டு மாட்டிப் பாருங்கள். பிளக்கைக் கழற்றி, டாப் கியரில் போட்டு, பின்சக்கரத்தை முன்னோக்கி மட்டும் சுற்றுங்கள். குறி தாண்டிப் போய்விட்டால் அப்படியே பின்னால் இழுக்காமல் நன்றாகப் பின்னுக்குப் போய் மறுபடி முன்னால் வாருங்கள். இல்லையென்றால் பல்சக்கரங்களின் இடைத்தளர்வு உங்களை ஏமாற்றும். பாயின்ட் திறக்கும் கணத்தைக் காண ஒரு சின்ன பல்பு போதும். ஒரு ஒயர் பாயின்ட் முனையில், மற்றது எர்த்தில். சாவியைப் போட்டால், பாயின்ட் மூடியிருக்கும்வரை பல்பு எரியாது; திறந்த நொடியில் எரியும்.

டைமிங் சரியாக இருந்தும் கிக்கர் காலைத் திருப்பி அடித்தால் அட்வான்ஸ் எடைகள் வெளியே விரிந்தபடி ஒட்டிக்கொண்டிருக்கின்றன அல்லது ஸ்பிரிங் தொய்ந்துவிட்டது. பெட்ரோலில் கழுவி, கீலில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு, விரலால் விரித்து விட்டுப் பாருங்கள். தானாக மூடிக்கொள்ள வேண்டும். இதைப் பார்க்காமல் கணுக்காலைப் பணயம் வைக்க வேண்டாம்.

டேப்பெட்டுக்கு (வால்வு இடைவெளிக்கு) ஃபில்லர் கேஜ் வேண்டாம். எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது, கம்ப்ரஷன் உச்சியில் நிறுத்தி, சிலிண்டர் பக்கத்துச் சின்ன மூடியைத் திறந்து, வால்வுக்கு அசைவைக் கொண்டுபோகும் புஷ்ராடை விரலால் சுழற்றுங்கள். தடையில்லாமல் சுழல வேண்டும், மேலும் கீழும் ஆடக் கூடாது. அவ்வளவே. சத்தம் பிடிக்காமல் கூடுதலாக இறுக்கினால் வால்வு முழுதாக உட்காராமல் எரிந்துபோகும். கொஞ்சம் "டிக் டிக்" கேட்பதில் ஒன்றும் தப்பில்லை. கிக்கும்போது சிலிண்டர் அழுத்தத்தை வெளியே விடும் டிகம்ப்ரசரின் கேபிளிலும் கொஞ்சம் தளர்வு விடுங்கள்.

இத்தனைக்கும் பிறகுதான் கார்புரேட்டர். ஜெட்டுகளைக் காற்றால் ஊதுங்கள், கம்பியால் குத்தாதீர்கள். ஏர் ஸ்க்ரூவை முழுக்க மூடி ஒன்றரைச் சுற்று திறந்து, அங்கிருந்து ஐடிலிங்கைத் தேடுங்கள். எவ்வளவு திருகினாலும் ஐடிலிங் நிலைக்கவில்லை என்றால் கார்புரேட்டருக்கும் ஹெட்டுக்கும் நடுவே காற்று புகுகிறது.

எண்ணெய் விஷயத்தில்தான் இந்த எஞ்சின் மன்னிக்காது. பழைய புல்லட்டின் பிக் எண்டில் (கனெக்டிங் ராடு கிராங்க்கைப் பிடிக்கும் முனை) உருளை பேரிங் கிடையாது, மிதக்கும் புஷ். எண்ணெய் வரும்வரை வாழும், நின்றால் சில நிமிடங்களில் போய்விடும். இரண்டு பம்புகள் உள்ளன. ஒன்று பிக் எண்டுக்கு அனுப்பும், மற்றது கீழே வடிந்ததை இழுத்துத் திருப்பும். மேலே வால்வுகளை அமுக்கும் ராக்கருக்குப் போகும் எண்ணெய் இந்தத் திருப்பும் பம்பிலிருந்தே பிரிகிறது. ஆகவே ராக்கர் பைப்பின் போல்டைத் தளர்த்தி "எண்ணெய் வருகிறது, எல்லாம் நலம்" என்று சொல்வது பாதி உண்மைதான். பிக் எண்டின் நிலையை அது சொல்லாது. டைமிங் கவரிலிருந்து கிராங்க் முனைக்குள் எண்ணெய் நுழையும் இடத்தில் ஒரு சிறிய கார்க் சீல் இருக்கிறது. சில ரூபாய் சாமான். அது தேய்ந்தால் எண்ணெய் பிக் எண்டுக்குப் போகாமல் பக்கவாட்டில் கசிந்துவிடும். கவரைக் கழற்றும் ஒவ்வொரு முறையும் புதிதாகப் போடுங்கள். ஃபில்டர் மாற்றும்போது அந்த அறையை எண்ணெயால் நிரப்பிவிட்டு மூடுங்கள். காலியாக மூடினால், அது நிரம்பும்வரை பிக் எண்டு வறண்டே சுற்றும்.

மாதக்கணக்கில் நின்ற வண்டியில் டிப்ஸ்டிக் குறைவாகக் காட்டினால் உடனே ஊற்றிவிடாதீர்கள். எண்ணெய் பம்பு வழியே கிராங்க்கேஸுக்குள் இறங்கியிருக்கும். மேலே ஊற்றிக் கிளப்பினால் புகையும், எல்லா ஜாயின்டிலும் ஒழுகலும்தான் மிச்சம். கிராங்க்கேஸ் டிரெய்ன் போல்டைத் திறந்து வடித்துவிட்டு, பிறகு 20டபிள்யூ50 ஊற்றுங்கள். ஓயாத ஒழுகலுக்கு இன்னொரு காரணம், கிராங்க்கேஸ் காற்றை வெளியேற்றும் பிரீதர் குழாயின் ரப்பர் வாய். அது கல்லாகிப் போனால் கிராங்க்கேஸ் அழுத்தம் வேறு வழி தேடும். கேஸ்கட் மேல் கேஸ்கட்டாகப் போட்டுப் பயனில்லை. பிரைமரி கவரை ஒற்றை நட்டு பிடித்திருக்கிறது. ஒழுகுகிறதே என்று அதை முறுக்கினால் கவர் வளைந்து இன்னும் ஒழுகும்.

மாற்றங்கள் என்று வந்தால் எனக்கு மறுப்பில்லாத முதல் வேலை 6 வோல்டிலிருந்து 12 வோல்டுக்குப் போவது. கணக்கு எளிது. 30 வாட் ஹெட்லைட் 6 வோல்டில் 5 ஆம்பியர் இழுக்கும், 12-இல் இரண்டரைதான். பழைய ஒயரின் துருப்பிடித்த இணைப்புகளில் அரை வோல்ட் தொலைந்தால் 6 வோல்ட் வண்டியில் அது பன்னிரண்டில் ஒரு பங்கு. வெளிச்சம் அதைவிட வேகமாக விழும். மின்சாரம் தயாரிக்கும் ஸ்டேட்டர், ரோட்டர் இரண்டையும் ஜோடியாக மாற்றி, இரண்டுக்கும் நடுவே சுற்றிலும் 0.2 மி.மீ. இடைவெளி இருக்கிறதா என்று ஃபில்லர் கேஜால் பாருங்கள். ஒரு பக்கம் உரசினால் ரோட்டர் சீக்கிரமே சீரழியும். ரெகுலேட்டர்–ரெக்டிஃபையர், பேட்டரி, எல்லா பல்புகள், ஹாரன், காயில் எல்லாம் மாற வேண்டும். பழைய 6 வோல்ட் காயிலை அப்படியே விட்டால் அதுவும் கொதிக்கும், பாயின்டும் கருகும். எஞ்சினிலிருந்து பேட்டரி நெகட்டிவுக்குத் தனி எர்த் ஒயர் ஒன்று போடுங்கள். பழைய வண்டிகளின் பாதி மின்கோளாறு பெயின்ட் அடித்த ஃபிரேமை நம்பியதால் வருவது.

எலக்ட்ரானிக் இக்னிஷன் போடலாம், ஆனால் பாயின்ட் தட்டைத் தூக்கி எறியாதீர்கள். ஊத்தங்கரைக்கும் அரூருக்கும் நடுவில் நின்றுபோனால் பாயின்டை உப்புத்தாளால் தேய்த்துக் கிளம்பலாம். மாட்யூலை எதைக்கொண்டு தேய்ப்பது? 6 அங்குல முன் பிரேக் வண்டிக்குப் பிந்தைய மாடலின் 7 அங்குல இரட்டை லீடிங் ஷூ டிரம் நல்ல மாற்றம். சென்னை ஜி.பி. ரோட்டில் தேடிப் பாருங்கள். ஷூவின் படிவைப் பார்த்த பிறகு வாங்குங்கள். டிரம்மில் சாக்பீஸ் தடவிச் சுற்றினால் எங்கே தொடுகிறது என்று ஷூ காட்டிவிடும்.

கை வைக்கும் முன் ஒன்று. முதல் பதிவிலிருந்து 50 வருடம் கடந்த வண்டிக்கு 2021 விதிகளின்படி "விஏ" எழுத்துள்ள விண்டேஜ் எண் வாங்கலாம். அதற்கு வண்டி அசல் உருவத்தில், பெரிய மாற்றம் இல்லாமல் இருக்க வேண்டும். அன்றாடப் பயன்பாட்டுக்கு ஓட்டவும் கூடாது. அந்த எண்ணத்தில் இருப்பவர்கள் கழற்றிய ஒவ்வொரு பாகத்தையும் பெயர் எழுதிப் பெட்டியில் வையுங்கள்.

கிளப்பும் முறை இது. சாவியைப் போட்டு, அம்மீட்டர் முள்ளைப் பார்த்தபடி கிக்கரை மெதுவாக அமுக்குங்கள். பாயின்ட் மூடினால் முள் மைனஸ் பக்கம் சாயும். கம்ப்ரஷனில் கிக்கர் முட்டியதும் டிகம்ப்ரசரைப் பிடித்து, முள் நடுவுக்குத் திரும்பும் வரை இன்னும் ஒரு துளி நகர்த்துங்கள். லீவரை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, ஒரே மிதியாக அடிவரை. பலம் தேவையில்லை, பாதியில் நிறுத்தாமல் இருந்தால் போதும்.

கியர் வலதுகாலில், பிரேக் இடதுகாலில். முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. முதல் கியரைத் தவிர எதிலிருந்தும் குதிகால் லீவரை அமுக்கினால் நியூட்ரல். புது வண்டி ஓட்டிப் பழகியவர்கள் அவசரத்தில் வலதுகாலை அழுத்தி, பிரேக் பிடிப்பதாக நினைத்து கியரை மாற்றிவிடுவார்கள். காலி மைதானத்தில் பத்து நாள் பழகாமல் நெரிசலுக்குள் போகாதீர்கள். கொல்லிமலையின் 70 கொண்டை ஊசி வளைவுகளில் இறங்கும்போது இரண்டாம் கியரே பிரேக். டிரம்மை அழுத்திக்கொண்டே வந்தால் பாதி மலையில் அது சூடேறிக் கை விரிக்கும்.

நிறுத்தும்போது பெட்ரோல் டேப்பை மூடி, கார்புரேட்டரில் மிச்சம் இருப்பது தீரும்வரை ஓடவிடுங்கள். எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோல் அதில் தேங்கினால் ஜெட் அடைக்கும். பிறகு சாவி. பாயின்ட் மூடிய நிலையில் சாவி போட்டபடி விட்டால் காலையில் பேட்டரியும் இருக்காது, காயிலும் இருக்காது.