பத்து ரூபாயில் அகஸ்தியன்பள்ளி

சந்தோஷத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். 2004-இல் வேதாரண்யத்தை அடுத்த அகஸ்தியன்பள்ளிக்கு ஓடின மீட்டர்கேஜ் (பழைய குறுகலான பாதை) வண்டியை நிறுத்தினபோது நான் பள்ளிக்கூடத்துப் பையன். அப்புறம் 2023 ஏப்ரலில்தான் திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியன்பள்ளி வரைக்கும், 37 கிலோமீட்டர், அகலப்பாதையில் மறுபடி ரயில் ஓட ஆரம்பித்தது. போன வாரம் அதில் ஏறிவிட்டேன். அந்த 37 கிலோமீட்டருக்கு டிக்கெட் பத்தே ரூபாய்!

தஞ்சாவூரிலிருந்து கிளம்பி திருவாரூரில் வண்டி மாறினேன். அங்கே கூட்ஸ் வண்டியில் சம்பா நெல் ஏறிக்கொண்டிருந்தது. லாரிக்கும் வேகனுக்கும் நடுவில் ஒரு பலகை, தலையில் துண்டைச் சும்மாடாகச் சுற்றிக்கொண்டு நாற்பது கிலோ மூட்டையோடு அதில் ஓட்டமும் நடையுமாகப் போகிறார்கள், பலகை வளைந்து வளைந்து நிமிர்கிறது. தையல் விட்ட மூட்டையிலிருந்து சிந்துகிற நெல்லை இரண்டு அம்மாக்கள் கூட்டி, முறத்தில் புடைத்து, திரும்பச் சாக்கில் கட்டினார்கள். வேகன்களை எண்ணினேன், 42. வெளி மாவட்டத்து ரேஷன் கடைக்கு அரிசியாகப் போவது இந்த நெல்தான். இருபது நிமிஷம் அசையாமல் பார்த்துக்கொண்டு நின்றேன்.

திருத்துறைப்பூண்டி வழியாகப் போகிற திருவாரூர்–காரைக்குடி பாதையை 2019-இல் திறந்த புதிதில் இதே வழியாகப் போயிருக்கிறேன். அப்போது கேட்டுக்குக் கேட் வண்டி நிற்கும், வண்டியிலிருந்தே ஒருவர் இறங்கிக் கேட்டைச் சாத்துவார், தாண்டினதும் இன்னொருவர் திறந்துவிட்டு ஓடிவந்து ஏறிக்கொள்வார். பாதி நாள் போய்விட்டது. இப்போது அந்த அவஸ்தை இல்லை. ஆனால் திருத்துறைப்பூண்டியில் இறங்கி அகஸ்தியன்பள்ளி வண்டிக்காக ஒன்றரை மணி நேரம் காத்திருந்தது அநியாயம். திருவாரூரிலிருந்தே நேராக ஒரு வண்டி விட்டால் என்ன?

வேதாரண்யம் தாண்டியதும் ஜன்னல் முழுக்க உப்பளம். பாத்திகளில் தண்ணீர் பளபளக்கிறது, வரப்போரம் குவித்த உப்பின் மேல் ஓலை மூடியிருக்கிறது, வெயிலில் கண் கூசுகிறது. 1930-இல் திருச்சியிலிருந்து ராஜாஜி தொண்டர்களோடு நடந்து வந்து உப்பு அள்ளிய மண். அகஸ்தியன்பள்ளியில் அதற்கு நினைவுத்தூண் இருக்கிறது, கட்டாயம் பாருங்கள். அகலப்பாதை போட்டபோது உப்பு ஏற்றுவதையும் ஒரு காரணமாகச் சொன்னார்கள். நான் போன அன்றைக்கு மூட்டைகள் லாரியில்தான் ஏறின. தண்டவாளம் பக்கத்திலேயே கிடக்கிறது, பார்க்க வயிறு எரிந்தது.

கோடிக்கரைக்கு ஆட்டோ கேட்டால் ஐந்நூறு! பத்து ரூபாயில் வந்தவனிடம் கேட்கிற காசா அது? பஸ்ஸில் போய் வந்தேன். மிச்சமான பணத்தில் வேதாரண்யத்தில் ஒரு சின்ன மெஸ்ஸில் மீன் சாப்பாடு, 120 ரூபாய். புளிப்பும் காரமும் சரியாக இறங்கின குழம்பு, இரண்டாம் தடவை கேட்காமலே ஊற்றினார் அந்த அக்கா. இந்தப் பயணத்தில் முழு மனசோடு கொடுத்த காசு அதுதான்.

திரும்பும்போது நெய்விளக்கில் ஒரு பாட்டி முல்லைக் கூடையோடு ஏறினார். ஈரத்துணியை விலக்கித் தண்ணீர் தெளித்தார், பெட்டி முழுக்க வாசம். "பஸ்ஸுன்னா கூடைக்கும் சேத்துக் கேப்பாங்க தம்பி, இதுல அந்தத் தொந்தரவு இல்ல. இன்னும் ரெண்டு தடவ வந்து போனா நல்லாருக்கும்" என்றார். திருத்துறைப்பூண்டியில் கூடையை இறக்கிக் கொடுத்தேன். காசு வாங்காமல் ஒரு முழம் பூவைக் கையில் திணித்துவிட்டுப் போய்விட்டார்.