எமிலி ப்ரேயரின் திராட்சையை எண்ணெய் வண்ணத்தில் நகலெடுத்தது

ஜெர்மனியின் டுசல்டோர்ஃபில் 1849இல் பிறந்த ஓவியர் எமிலி ப்ரேயர் வரைந்ததெல்லாம் பெரும்பாலும் பழங்களும் கொட்டைகளும்தான். ஊரிலிருந்த ஓவியக் கல்லூரி அப்போது பெண்களைச் சேர்க்காது. ஸ்டில் லைஃப் (பழம், பூ போன்ற அசையாப் பொருள்களை வரைவது) ஓவியரான அப்பா யோஹான் வில்ஹெல்மிடமே கற்றார்.

அவருடைய திராட்சைக்குள் விளக்கெரிவதுபோல இருக்கும். மெல்லிய தூரிகையால் வருவதில்லை அது, அடுக்குகளால் வருவது.

10×12 அங்குலப் பலகைக்கு ஜெஸ்ஸோ (வண்ணத்துக்கு அடியில் பூசும் வெள்ளைப் பூச்சு) 4 பூச்சு, ஒவ்வொன்றும் காய்ந்ததும் 400 நம்பர் உப்புத்தாள். கேன்வாஸ் வேண்டாம், நெசவு தெரிந்தால் நீர்த்துளி உடைந்துபோகும். திராட்சைக் குலையைக் காம்பில் மட்டும் பிடிக்க வேண்டும், கழுவக் கூடாது. மேலுள்ள வெள்ளைப் படலம் விரல் பட்டாலே போய்விடும், திரும்ப வராது. அறுத்த பீச் பழத்தை முதலில் வரைந்துவிடுங்கள், அது காத்திருக்காது. வாதுமைக் கொட்டை மாதக்கணக்கில் அப்படியே இருக்கும்.

முதல் அடுக்கு பர்ன்ட் அம்பர் என்ற பழுப்பு வண்ணமும் டர்பென்டைனும் மட்டும்: நிழல், வெளிச்சம், அவ்வளவே. சீக்கிரம் காயும், 2 நாள் போதும். அதன்மேல் நிற மெருகு, அதாவது அடியிலுள்ளது தெரியும்படியான மெல்லிய பூச்சு. கலவைக்கு ஸ்டாண்ட் ஆயில் (கெட்டியான ஆளிவிதை எண்ணெய்) 1 பங்கு, டம்மர் வார்னிஷ் (மரப்பிசின் வார்னிஷ்) 1 பங்கு, டர்பென்டைன் 5 பங்கு. 3 தடவை, இடையில் குறைந்தது 5 நாள். மேலே போகப் போக எண்ணெய் கூடணும், குறையக் கூடாது. எண்ணெய் மிகுந்த அடுக்கின் மேல் எண்ணெய் குறைந்த அடுக்கு போட்டால் பின்னால் விரிசல் விடும். கருந்திராட்சைக்கு அல்ட்ராமரின் நீலத்துடன் அலிசரின் சிவப்பு சேர்ப்பது பழக்கம். பழைய அலிசரின் மெல்லிய பூச்சில் வெளுக்கும், பதிலுக்கு வெளுக்காத குவினாக்ரிடோன் சிவப்பு எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலோர் தவறுவது இங்கேதான்: ஜன்னல் இடது மேலே இருந்தால் பளபளப்புப் புள்ளியும் அங்கே விழும். ஆனால் பழத்துக்குள் நுழைந்த ஒளி வலது கீழே வெளியேறுகிறது. அந்த ஓரத்தை இளஞ்சிவப்பாகத் திறந்து விடணும். அதை இருட்டாக்கினால் திராட்சை கோலிக்குண்டாகிவிடும்.

பிறகு வெள்ளைப் படலம்: வெள்ளை, அல்ட்ராமரின், துளி அம்பர், கிட்டத்தட்ட உலர்ந்த தூரிகை. எல்லாப் பழத்துக்கும் ஒரே அளவில் தடவினால் பவுடர் பூசினாற்போல் ஆகும்.

சில படங்களில் அவர் வைத்த ஈயையும் நீர்த்துளியையும் கடைசிக்கு வையுங்கள். துளிக்கு வெள்ளை வண்ணம் மிகக் கொஞ்சம் போதும்: ஒளி வரும் பக்கம் ஒரு புள்ளி, எதிர்ப்பக்கம் உள்ளே வெளிறல், கீழே மெல்லிய நிழல், அந்த நிழலுக்குள் ஒரு சின்ன வெளிச்சப் பொட்டு.