செரங்கெட்டி நாட்குறிப்பு: மரமில்லாத வெளியும் மரம் வளர்ந்த கரையும்

பிப்ரவரி 7, நாபி குன்று

தான்சானியாவின் செரங்கெட்டி பூங்கா வாயிலை ஒட்டிய இக்குன்றின் மேல் நின்று தெற்கே பார்த்தால், மரம் என்று சொல்ல ஒன்றும் கண்ணில் படவில்லை. மழைக்குறைவே காரணம் என்று எண்ணியிருந்தேன். அது பாதி உண்மைதான். ஓல்டோன்யோ லெங்காய் போன்ற கிழக்கத்திய எரிமலைகள் உமிழ்ந்த சாம்பல்தான் இங்கே மண். அதிலுள்ள சுண்ணாம்பு மழைநீரில் கரைந்து கீழிறங்கி, அதிக ஆழம் போகாமலே பாறைபோல் இறுகிவிடுவதால், மரத்தின் வேர் அதைத் துளைக்க இயலாமல் தோற்றுப்போகிறது. மேலோட்டமாக வேர்விடும் குட்டைப் புல்லுக்கோ அது தடையே இல்லை.

பிப்ரவரி 8, ந்துடு

காலை எட்டரை மணிக்கு வண்டியை நிறுத்தியதும், நாலா பக்கமும் வில்டபீஸ்டுகள் என்னும் மாடு போன்ற பெரிய மான்களின் முனகல் எழுந்தது. அறுபது அடி தூரத்தில் ஒரு பெண் வில்டபீஸ்ட் படுத்தது, எழுந்து இரண்டு முறை வட்டமிட்டது, மீண்டும் படுத்தது. வாலுக்குக் கீழே, வெளுத்த மெழுகுபோன்ற இரு சின்னக் குளம்புகள் தெரிந்தன. கன்று தரையில் விழுந்தபோது கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டேன். மூன்று முறை எழ முயன்று, மூன்று முறையும் மூக்கு மண்ணில் இடிக்க விழுந்து, நான்காம் முறை கால்களை அகட்டி ஊன்றி நின்றுவிட்டது. ஏழு நிமிடம்கூட ஆகவில்லை. வைக்கோல் நிற உடம்பில் ஈரம் காயுமுன்பே அது தாயின் விலாவோடு ஒட்டி ஓடத் தொடங்கியது. நஞ்சுக்கொடிக்காகக் காத்திருந்த குள்ளநரி அதைக் கவ்விக்கொண்டு போயிற்று.

ஏறக்குறைய மூன்று வாரங்களுக்குள் பெரும்பாலான கன்றுகள் பிறந்துவிடுகின்றன. கழுதைப்புலிகள் எத்தனை தின்றாலும் அவற்றின் வயிற்றுக்கு ஓர் அளவுண்டு. மிஞ்சும் கன்றுகளே மந்தையைக் காக்கின்றன. பால் கொடுக்கும் தாய்க்கு வேண்டிய சுண்ணாம்புச் சத்தும் பாஸ்பரசும் இந்தச் சாம்பல் மண்ணின் புல்லில் நிறைந்திருப்பதால்தான், குடிநீர் நிலைக்காத இவ்வெளியைத் தேடி அவை வருகின்றன. சிங்கம் எங்கே என்று அலைந்த பக்கத்து வண்டிக்காரர்கள் இதில் எதையும் பார்க்கவில்லை.

பிப்ரவரி 9

மழை. கரிசல் சேற்றில் வண்டி புதைந்து பகல் முழுதும் வீணாயிற்று. காத்திருந்த நேரத்தில், அருகிலிருந்த வேல மரத்தின் உருண்டை முள் ஒன்றைத் தொட்டேன். துளையிலிருந்து எறும்புகள் புறப்பட்டு விரல்களைக் கடித்துத் தள்ளின. இலையை மேயவரும் ஒட்டகச்சிவிங்கியின் நாக்குக்கும் இதே வரவேற்புதான்.

பிப்ரவரி 11, செரோனேரா

இங்கே ஆற்றங்கரையெங்கும் குடைவேல மரங்கள் ஒரே வயதினர்போல ஒரே உயரத்தில் நிற்கின்றன. இதற்குப் பின்னால் ஒரு மாட்டு நோயின் கதை இருக்கிறது. 1890களில் ஆப்பிரிக்காவில் பரவிய வெக்கை நோய் மாடுகளோடு வில்டபீஸ்டுகளையும் கொன்று குவித்தது. சுற்றுப்புற மாடுகளுக்குத் தடுப்பூசி போட்ட பின் நோய் அடங்க, 1960களின் தொடக்கத்தில் சுமார் 2.5 லட்சமாக இருந்த வில்டபீஸ்டுகள் 1977இல் 13 லட்சத்தை எட்டின. மேய்ச்சலில் புல் குறைந்தது. புல் குறைய, காட்டுத்தீ குறைந்தது. தீக்குத் தப்பிய நாற்றுகள் மரமாயின. தாம் சிறுவனாக இருந்தபோது இந்த மேட்டிலிருந்து ஆறு முழுதும் தெரியும் என்று எங்கள் ஓட்டுநர் பெரியவர் கைகாட்டினார். எனக்கு இலைகளின் இடுக்கில் நீரின் மினுக்கம் மட்டும் தெரிந்தது.