அண்ணாவியார் கேட்ட ‘டிக்’

கூத்துப் பழக்கும் எங்கள் அண்ணாவியாருக்கு நான் அன்று சொன்ன பதில் சரியானதுதான். இன்றைக்குக் கேட்டாலும் அதையேதான் சொல்வேன். ஆனாலும் அந்தக் கதை மனதை விட்டுப் போகுதில்லை.

“தம்பி, முந்தி ஒரு டிக் கேட்டது. அது எங்க?”

“அது பிழைச் சத்தம் ஐயா, எடுத்திட்டன்.”

“பிழையோ? அதிலதானே நான் பிடிச்சு எடுத்தனான்.”

கோவலன் கூத்துப் பாட்டுகளைப் பதிவு செய்துகொண்டிருந்தோம். வற்றாப்பளை அம்மன் கோவில் பொங்கலுக்கு முன் முடித்துத் தரவேண்டும் என்று பெடியள் நின்றார்கள். மத்தளமும், கைத்தாளமான சல்லாரியும் இருந்தாலும், அடியில் கனமாக ஒரு சுருதி ஓடவேண்டும் என்பது அவர்கள் விருப்பம். கணினியிலேயே ஒலி உண்டாக்கும் சொஃப்ட்வேர் சிந்தசைசரில் ஆழமான பேஸ் (கீழ்ச் சுருதி) ஒலி ஒன்றை எடுத்து வாசித்து வைத்தேன். ஒவ்வொரு ஸ்வரமும் தொடங்கும் இடத்தில் அந்த ‘டிக்’ விழுந்தது. அதோடேயே அவரை ஒருமுறை பாடவைத்துவிட்டு, பிறகு அதைத் தேடப் போனேன்.

முதலில் லப்டொப்பைத்தான் சந்தேகப்பட்டேன். கணினி ஒலியைச் சேர்த்துவைத்து அனுப்பும் பஃபரை 128 சாம்பிளில் (ஒலியின் தனித்தனி அளவீடுகள்) இருந்து 512 ஆக்கினேன். மாற்றமில்லை. கணினி திணறினால் சத்தம் கண்ட இடத்திலும் வெடிக்கும். இது ஸ்வரத்தின் தலையில் மட்டும் வந்தது. ஃபைலாக எடுத்துக் கேட்டேன், அதிலும் இருந்தது. அப்படியென்றால் பிழை ஒலிக்குள்ளேயே இருக்கிறது. அலையைப் பெருப்பித்துப் பார்த்தபோது, பூச்சியத்தில் ஓடிய கோடு ஒரே சாம்பிளில் செங்குத்தாக ஏறி நின்றது. ஒலி முழு அளவுக்கு ஏற எடுக்கும் நேரம், அதாவது அட்டாக், 0. அலையை உண்டாக்கும் ஒஸிலேட்டரும் தன்பாட்டில் சுற்றிக்கொண்டே இருக்கிற வகை. அலை உச்சியில் நிற்கும்போது கட்டையை அழுத்தினால் பலமான டிக், பூச்சியத்தைக் கடக்கும்போது அழுத்தினால் ஒன்றுமே இல்லை.

ஒவ்வொரு ஸ்வரமும் பூச்சியத்தில் தொடங்கும்படி ஃபேஸை (அலை தொடங்கும் இடத்தை) மாற்றி, அட்டாக்கை 5 மில்லிசெக்கன் ஆக்கினேன். மேல் ஸ்வரங்கள் அடங்கின. கீழ் ஸ்வரங்கள் அடங்கவில்லை. 55 ஹேர்ட்ஸில் ஓர் அலை முழுதாகச் சுற்றிவரவே 18 மில்லிசெக்கன் வேண்டும். அதற்குள் 5 மில்லிசெக்கனில் ஏறினால் காதுக்கு அது இன்னும் தட்டுத்தான். மூடி மறைக்க மேல் அதிர்வுகளும் இல்லாத ஒலி. 20க்குக் கொண்டுபோனேன். அப்புறம் பார்த்தால், சிந்தசைசரை ஒரு நேரத்தில் ஒரு ஸ்வரம் மட்டும் ஒலிக்க விட்டிருந்ததால் புதிய ஸ்வரம் பழையதன் வாலை வெட்டும் இடத்திலும் சின்னதாக ஒரு தட்டு. இரண்டு ஸ்வரம் சேர்ந்து ஒலிக்க விட்டேன். எல்லாம் அடங்கிற்று. நல்ல வேலை என்றுதான் நினைத்தேன், இப்போதும் நினைக்கிறேன்.

அதைக் கேட்டுக்கொண்டு அண்ணாவியார் திரும்பப் பாடினார். ஹெட்போனை ஒரு காதில் மட்டும் வைத்து, மற்றக் காதை உள்ளங்கையால் மூடியிருந்தார். ஒவ்வொரு அடியின் தொடக்கத்திலும் ஒரு கணம் காத்திருந்து எடுத்தார். தாளம் தப்பவில்லை, சுருதியும் சரி. முதல் பதிவில் இருந்த அந்த இறங்கி எடுக்கும் பலம்தான் இல்லை. அவருடைய குரலை கணினிக்குள் போகவிடாமல் நேரே மிக்ஸரில் இருந்துதான் ஹெட்போனுக்குக் கொடுத்திருந்தேன், ஆகவே குரல் பிந்திக் கேட்டது என்று காரணம் சொல்ல வழியில்லை.

1935இல் விற்பனைக்கு வந்த ஹமண்ட் ஓர்கனிலும் இப்படி ஒரு சத்தம் உண்டு. கட்டைக்குக் கீழே உலோகத் தொடுகைகள் சேரும்போது வருவது. செய்தவர்கள் அதைக் குறையாகப் பார்த்தார்கள். ஜாஸும் ரொக்கும் வாசித்தவர்கள் அதையே விரும்பினார்கள். இன்று அதே ஓர்கனைக் கணினியில் செய்பவர்கள் அந்தக் கிளிக்குக்கென்று தனித் திருகி வைக்கிறார்கள். ஆனால் அது வாசிப்பவரின் விரலோடு வந்த சத்தம். என்னுடையது அப்படியில்லை. எந்த ஸ்வரத்தில் பலமாக விழும், எதில் விழாது என்பதற்கு வாசித்த எனக்கே கணக்குத் தெரியாது. அதைப் பாட்டின் பகுதி என்று எப்படி வைத்திருப்பது? அண்ணாவியாரிடம் இப்படிச் சொன்னால், யார் போட்டால் என்ன, எனக்குக் கேட்டதுதானே என்பார். அதற்கும் என்னிடம் பதில் இல்லை.

கடைசியில் முதல் பதிவின் குரலை எடுத்து, துப்புரவான இசையின் மேல் வைத்தேன். அவர் குரல் பிடித்து ஏறிய அந்த டிக் மட்டும் கேட்பவர்களுக்கு இல்லை. அவருக்கு அதைச் சொன்னேன், போட்டும் காட்டினேன். முழுதும் கேட்டுவிட்டு, “கேக்கிறவைக்கு அது தேவையில்லைத்தான்” என்றார். சம்மதமா, குறையா என்று எனக்கு இன்னும் பிடிபடவில்லை. பெடியளுக்கு நல்ல சந்தோசம். சில இடங்களில் குரல் ஏன் அவ்வளவு அழுத்தமாக விழுகிறது என்று ஒருவன் மட்டும் கேட்டான். அண்ணாவியார் அப்படித்தான் பாடுவார் என்றேன். அதுவும் பொய்யில்லை.

அடுத்த கூத்துக்கு அவருடைய ஹெட்போனில் சல்லாரியைக் கூட்டி விடலாம் என்று இருக்கிறேன். ஆனால் சல்லாரி தாளத்தை மட்டும்தான் சொல்லும். சுருதி எந்த இடத்தில் பிறக்கிறது என்பதை அந்த டிக்தான் அவருக்குக் காட்டிக்கொண்டிருந்தது என்றால், சல்லாரியைக் கூட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை. டிக்கோடு சேமித்த ஃபைலை அதனால்தான் அழிக்காமல் வைத்திருக்கிறேன். அதை அவருக்கு மட்டும் கேட்க விட்டுப் பாடவைப்பது முறையா என்பதை இன்னும் முடிவெடுக்கவில்லை.