கப் கேடட் 122: பெயிண்ட் டப்பாவைத் திறக்கும் முன் செலவு எங்கே போக வேண்டும்

இன்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1960-களின் தொடக்கத்தில் கப் கேடட் தோட்ட டிராக்டர்களை அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில் இருந்த லூயிவில் ஆலையில் தயாரிக்க ஆரம்பித்தது. 122 மாடல் 1965 முதல் 1967 வரை வந்தது. 12 குதிரைத்திறன் கோலர் கே301 பெட்ரோல் இன்ஜின், முன்னால் மூன்று கியர், பின்னால் ஒன்று. இன்ஜினிலிருந்து கியர்பாக்ஸுக்குப் பெல்ட் கிடையாது, நேராக ஒரு ஷாஃப்ட்தான். இன்றைக்கும் இந்த வண்டியைப் பழுது பார்ப்பது கட்டுப்படியாகிறது என்றால் அதற்கு இதுதான் காரணம். வார்ப்பிரும்பு பிளாக்கும் பின்பக்க கியர்களும் லேசில் சாவதில்லை. சாவதெல்லாம் கையளவு சாமான்கள்: பிஸ்டனையும் கிராங்கையும் இணைக்கும் கனெக்டிங் ராடு, கிளட்ச் பின், ஆயில் சீல், திறந்து மூடித் தீப்பொறியைத் தூண்டும் பாயிண்ட். கையில் இருக்கிற காசு முதலில் இவற்றுக்குப் போக வேண்டும். மஞ்சள் பெயிண்டை முதலில் வாங்குகிறவர்கள்தான் அதிகம். அந்த வண்டிகள் பளபளப்பாக ஷெட்டில் நிற்கும்.

வண்டி வந்தவுடன் ஸ்டார்ட் செய்து பார்க்கும் ஆசையை அடக்கிக்கொள்ள வேண்டும். கே301-ல் ஆயில் பம்ப் இல்லை. கனெக்டிங் ராடின் அடியில் இருக்கும் சிறு கரண்டி போன்ற முனை ஆயிலை வாரி அடிப்பதுதான் மொத்த மசகும். ஆயில் இறங்கிய நிலையில் ஓடினால் முதலில் போவது ராடுதான். அது அலுமினிய ராடு, உள்ளே தனியாக பேரிங் ஷெல் கிடையாது, அலுமினியமே நேராக கிராங்க் பின்னில் சுற்றுகிறது. பழைய ஆயிலை வெள்ளைத் துணியில் வடித்து வெயிலில் பிடித்துப் பாருங்கள். வெள்ளிப் பொடி மின்னினால் இன்ஜினைப் பிரித்தே ஆக வேண்டும்.

கம்ப்ரஷன் கேஜ் வைத்துப் பார்த்து 'இன்ஜின் செத்துப்போச்சு' என்று தீர்ப்பு எழுதக் கூடாது. இந்த வரிசையில் பல இன்ஜின்களின் கேம்ஷாஃப்டில் கம்ப்ரஷனைத் தானாகத் தளர்த்தும் அமைப்பு உண்டு. ஸ்டார்ட்டர் சுற்றும் வேகத்தில் அது எக்ஸாஸ்ட் வால்வைச் சற்றே தூக்கி வைத்திருக்கும். அப்போது கேஜ் காட்டும் எண்ணுக்கு அர்த்தமில்லை. பிளக் துளை வழியாகக் காற்று ஏற்றி எங்கே கசிகிறது என்று கேட்பதே சரியான சோதனை. கார்புரேட்டரில் சீறினால் இன்டேக் வால்வு, சைலன்சரில் சீறினால் எக்ஸாஸ்ட், இன்ஜின் அடிப்பகுதியின் காற்றுப்போக்கியான பிரீதரில் சீறினால் பிஸ்டன் ரிங்.

ஹெட்டைக் கழற்றிக் கரியைச் சுரண்டிய பிறகு, தடித்த கண்ணாடிப் பலகைமேல் கவிழ்த்து இடைவெளி அளக்கும் மெல்லிய தகடான ஃபீலர் கேஜால் சுற்றிலும் பார்க்க வேண்டும். 3 தௌவுக்கு (ஒரு தௌ என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு; 3 தௌ 0.08 மி.மீ.) மேல் இடைவெளி இருந்தால் கேஸ்கெட் நிற்காது. அதே கண்ணாடியில் உப்புத்தாளை ஒட்டி, எட்டு வடிவில் தேய்த்தே சமப்படுத்திவிடலாம், லேத் பட்டறைச் செலவு மிச்சம். பூட்டும்போது போல்ட்டுகளை ஒரே மூச்சில் முறுக்காமல் 10 அடி-பவுண்டாக ஏற்றி 25 முதல் 30-க்குள் நிறுத்த வேண்டும். வால்வு இடைவெளி குளிர்ந்த இன்ஜினில் இன்டேக்குக்கு 8–10 தௌ, எக்ஸாஸ்ட்டுக்கு 17–20 தௌ. வால்வைத் தள்ளும் டாப்பெட்டிலேயே சரிசெய்யும் நட்டு இருப்பதால் வால்வுத் தண்டை அரைக்க வேண்டிய வேலை இல்லை.

சைலிண்டரின் நிலையான அளவு 3.375 அங்குலம். 10, 20, 30 தௌ ஓவர்சைஸ் பிஸ்டன்கள் கிடைக்கும். சைலிண்டரின் மேல் ஓரத்தில் நகம் மாட்டும் அளவுக்கு விளிம்பு இருந்தால் வெறும் ரிங் மாற்றுவது வீண் செலவு. பழைய விளிம்பில் புது ரிங் இடித்து உடையும். சைலிண்டரைக் கடைந்து பெரிதாக்கும் போரிங்குக்குக் காசு தேறும்வரை இன்ஜினை அப்படியே துணி சுற்றி வைப்பது மேல். ராடுக்கும் கிராங்க் பின்னுக்கும் இடையே 1 முதல் 2 தௌ இருக்கலாம். கிராங்கை 10 தௌ அரைத்தால் அதற்குத் தக்க ராடும் விற்பனைக்கு உண்டு.

இன்னொன்று. இந்த வண்டிகள் பலவற்றில் இன்ஜின் எப்போதோ மாற்றப்பட்டிருக்கும். பிந்தைய கே301 சிலவற்றுள் அதிர்வைக் குறைக்க இரண்டு பேலன்ஸ் கியர்கள் இருக்கும். அவற்றின் நீடில் பேரிங் தேய்ந்து கியர் கழன்றால் பிளாக்கையே உடைத்துக்கொண்டு வெளியே வரும். பிரித்த இன்ஜினில் அவை இருந்தால் கழற்றி எறிந்துவிடுவதே நல்லது. கொஞ்சம் கூடுதலாக அதிரும், அவ்வளவுதான்.

தீப்பொறி வேலைக்குச் செலவு குறைவு, பொறுமைதான் கூடுதலாக வேண்டும். பாயிண்ட் பிளாக்கின் வெளியே, சிறு மூடிக்குள் இருக்கிறது. இடைவெளி 20 தௌ. புது பாயிண்டின் முகத்தில் மெல்லிய எண்ணெய்ப் படலம் இருக்கும், அதைத் துடைக்காமல் மாட்டினால் பொறி வராது. கெட்டியான வெள்ளைக் காகிதத்தை இடையில் கடிக்க விட்டு, கறை வராத வரை இழுத்தால் போதும். சில வாரத்தில் மறுபடி கறுத்தால், பாயிண்டைத் தள்ளும் சிறு கம்பியின் துளை தேய்ந்து ஆயில் ஏறி வருகிறது என்று பொருள். பிளக் சாம்பியன் எச்10சி, இடைவெளி 35 தௌ. டைமிங்குக்கு விளக்கு இல்லாவிட்டாலும் மல்டிமீட்டர் போதும்: ஃப்ளைவீலை ஓடும் திசையில் கையால் சுற்றி, பார்வைத் துளையில் 'எஸ்' குறி நடுவில் வரும் நொடியில் பாயிண்ட் திறக்க வேண்டும். திறக்கவில்லையென்றால் பாயிண்டை நகர்த்துங்கள்.

கார்புரேட்டருக்கு விலை மலிவான போலி மாற்றுகள் நிறைய வந்துவிட்டன. பழையதைக் கழுவிப் புது கேஸ்கெட் போடுவதே உத்தமம். தொடக்க நிலையாக மெயின் நீடில் 2 சுற்று, ஐடில் நீடில் ஒன்றேகால் சுற்று திறந்து வைத்து, இன்ஜின் சூடான பின் நுணுக்கமாகத் திருத்தலாம். எவ்வளவு திருகினாலும் ஐடில் நிலைக்கவில்லையா? ஓடும்போது த்ராட்டில் ஷாஃப்ட்டின் இரு பக்கமும் ஒரு சொட்டு ஆயில் விடுங்கள். சத்தம் மாறினால் அங்கே காற்று நுழைகிறது, பித்தளை புஷ் போட வேண்டும்.

பெட்ரோல் டேங்கின் உள்துருவுக்கு சலவை சோடாக் கரைசல்: 4 லிட்டர் தண்ணீருக்கு ஒரு மேசைக்கரண்டி. 12 வோல்ட் பேட்டரி சார்ஜரின் நெகட்டிவ் டேங்கில், பாசிட்டிவ் ஓர் இரும்புக் கம்பியில். கம்பி டேங்கைத் தொடாதபடி ரப்பரில் தொங்க வேண்டும். எவர்சில்வர் கம்பியைப் பயன்படுத்தவே கூடாது, நச்சு குரோமியம் தண்ணீரில் இறங்கும். ஹைட்ரஜன் வாயு வருவதால் வேலை திறந்த வெளியில்தான் நடக்க வேண்டும், பெட்ரோல் வாடை முழுக்கப் போன பிறகே ஆரம்பிக்க வேண்டும்.

இனி கிளட்ச். நேரமும் கவனமும் அதிகம் கேட்பது இதுதான். இன்ஜின் இறங்கியிருக்கும்போதே ஷாஃப்ட்டையும் எடுத்துவிட்டால் இரண்டாம் வேலை இல்லை. 5/8 அங்குல ஷாஃப்ட்டில் சுருள் பின்கள் செருகிய துளைகள் காலப்போக்கில் முட்டை வடிவமாகும். கியர் போட்டதும் 'டக்' என்று ஒரு அடி விழுந்து பிறகே வண்டி நகர்ந்தால் அந்த ஆட்டம்தான். அந்தத் துளையில் சாதாரண போல்ட்டைச் செருகி ஓட்டிய முந்தைய கைகளின் அடையாளம் பல வண்டிகளில் கிடைக்கும். மரை ஷாஃப்ட்டை அரம் மாதிரி அராவி, துளையை இன்னும் பெரிதாக்கும். புது ஷாஃப்ட் வாங்க முடியாவிட்டால் 5/8 அங்குல கிரவுண்ட் ஷாஃப்ட் துண்டை அதே நீளத்தில் வெட்டி, பழையதை அளவாக வைத்துத் துளை போட்டுக்கொள்ளலாம். டிரில் பிரஸ்ஸில் செய்யுங்கள், கையால் போட்ட துளை நடுவில் விழாது.

கிளட்சை மிதிக்கும்போது கீச்சென்று கத்தினால், ஷாஃப்ட்டின் முன்முனை உட்காரும் பைலட் புஷ் தேய்ந்திருக்கும். மிதித்தும் கியர் உரசினால் இன்ஜின் பக்க டிரைவரின் மூன்று பின்களைத் தடவிப் பாருங்கள். தட்டு நகர வேண்டிய இடத்தில் பள்ளம் விழுந்திருந்தால் தட்டு அங்கேயே சிக்கிக்கொள்ளும், பின்களை மாற்ற வேண்டும். தட்டுகளை அழுத்தும் பெரிய ஸ்பிரிங் பறந்தால் முகம் கிழியும். உறுதியான வைஸில் அல்லது டிரில் பிரஸ்ஸின் அழுத்தத்தில், பாதுகாப்புக் கண்ணாடி அணிந்து, பக்கவாட்டில் நின்று பின்னைத் தட்டவும். எல்லாம் பூட்டிய பின் ரிலீஸ் பேரிங்குக்கும் லிவருக்கும் இடையே 50 தௌ (1.27 மி.மீ.) இருக்க வேண்டும். இடைவெளி இல்லாவிட்டால் பேரிங் ஓயாமல் சுற்றிச் சீக்கிரம் போய்விடும்.

கியர்பாக்ஸ் ஆயில் பால் விட்ட காபி நிறத்தில் வந்தால் பயப்பட வேண்டாம். கியர் லிவரின் ரப்பர் உறை கிழிந்து மழைத்தண்ணீர் இறங்கியிருக்கிறது. வடித்து, டீசல் விட்டு அலசி, புது உறை போட்டு ஹைட்ரான் (டிராக்டர் கியர்பாக்ஸ், ஹைட்ராலிக் ஆயில்) வகை ஆயில் ஏறத்தாழ 7 குவார்ட் (6.6 லிட்டர்) ஊற்றினால் முடிந்தது. குளிர்காலம் வருவதற்குள் இதைச் செய்யாவிட்டால் உள்ளே தண்ணீர் உறைந்து கேசிங்கைப் பிளக்கும்.

ஸ்டார்ட் செய்வது, சார்ஜ் ஏற்றுவது இரண்டையும் செய்யும் ஸ்டார்ட்டர்-ஜெனரேட்டரைக் கழற்றி மாட்டியபின் சார்ஜ் ஏறவில்லை என்று புது ரெகுலேட்டர் வாங்குவது வழக்கமான வீண் செலவு. முதலில் துருவம் ஏற்ற வேண்டும்: இன்ஜின் நிற்கும்போது, வயர்கள் மாட்டிய நிலையில், ரெகுலேட்டரின் பேட்டரி முனைக்கும் ஜெனரேட்டர் முனைக்கும் இடையே ஒரு வயரை ஒரு கணம் தொட்டு எடுத்தால் போதும். சிறு பொறி வரும். ஃபீல்டு முனையைத் தொடக் கூடாது.

ஸ்டியரிங் ஆட்டத்துக்கு பாக்ஸை மட்டும் குறை சொல்ல வேண்டாம். முன் ஆக்சிலின் நடுத்துளையும் டை ராடு மூட்டுகளும் சேர்ந்து தேய்ந்திருக்கும். மூட்டுகளை மாற்றி ஆக்சிலுக்கு வாஷர் வைத்த பிறகே பாக்ஸின் திருகை இறுக்க வேண்டும், திரும்பும்போது நடுவில் கனக்காத அளவுக்கு.

இத்தனைக்கும் பிறகு மிச்சம் இருந்தால் ஸ்பிரே டப்பாவில் பெயிண்ட். பின்சக்கர டயர் விரிசல் விட்டிருந்தாலும் உள்ளே ட்யூப் போட்டு ஓட்டலாம். புல்வெட்டும் டெக்கின் ஸ்பிண்டில் பேரிங்குகள் அடுத்த தவணைக்கு.