மூக்கு அடைக்காமலே மணம் போனால்

சாதாரணச் சளியில் மூக்கடைத்து மணம் போகும். கொரோனாவில் அடைப்பே இல்லாமலும் போகும். அந்த வைரஸ் முக்கியமாகத் தாக்குவது மணமறியும் நரம்பு செல்களை அல்ல, அவற்றைத் தாங்கி நிற்கும் செல்களை; வைரஸ் ஒட்டிக்கொண்டு உள்ளே நுழையும் ஏசிஇ2 ஏற்பிகள் அவற்றில்தான் அதிகம். அவை சிதைந்து அழற்சி கிளம்பியதும் பக்கத்து நரம்பு செல்களும் முடங்குகின்றன.

இரண்டு வாரம் தாண்டியும் திரும்பவில்லையா? மணப் பயிற்சி தொடங்குங்கள். ஜெர்மனியின் டிரெஸ்டனில் ஆய்வாளர் தாமஸ் ஹம்மல் குழு 2009இல் வெளியிட்ட முறை இது: ரோஜா, யூகலிப்டஸ், எலுமிச்சை, கிராம்பு, ஒவ்வொன்றும் 10 விநாடி, காலையும் இரவும், 12 வாரம். ஒவ்வொன்றின் தைலத்திலும் பஞ்சை நனைத்து மூடியுள்ள சிறு குப்பியில் வையுங்கள். பலமாக இழுக்காமல், அந்த மணத்தை நினைத்தபடி மெல்ல முகருங்கள்.

மூன்றாம் வாரத்தில் ஒன்றும் தெரியவில்லையே என்று தயவுசெய்து விட்டுவிடாதீர்கள். நடுவில் காபியும் வதக்கிய வெங்காயமும் கருகல் நாற்றம் அடிக்கலாம். பலருக்கு அது நரம்பு மீண்டும் இணையும் கட்டம். மணம் திரும்பும்வரை கேஸ் கசிவு மூக்குக்குத் தெரியாது, சிலிண்டர் ரெகுலேட்டரை இரவில் மூடிவிடுங்கள்.