தனி தொடங்கியதும் எழுந்து போகிறவர்கள்

சென்ற மார்கழியில் ஒரு மாலை, வெளியூர் போயிருந்த உறவினர் ஒருவரின் நன்கொடையாளர் பாஸ், இசைச் சபா ஒன்றுக்குரியது, என் கைக்கு வந்தது. இருபது ஆண்டுகளாக அதே சபாவில் மாடியிலோ கடைசி வரிசைகளிலோ உட்கார்ந்து கேட்டுப் பழகியவன் நான். அன்றுதான் முதல்முறையாக மேடையிலிருந்து மூன்றாவது வரிசையில் அமர்ந்தேன். மிருதங்கக் கலைஞர் இடப்பக்கத் தோலான தொப்பியில் அப்பியிருந்த ரவையை ஈரவிரலால் தடவிச் சரிசெய்வதையும், வயலின் கலைஞர் வில்லை வைப்பதற்கு முன் பாடகரின் முகத்தை ஒரு கணம் ஏறிட்டுப் பார்ப்பதையும் அவ்வளவு அருகில் நான் அதற்கு முன் கண்டதில்லை.

அன்றைய மெயின், அதாவது கச்சேரியின் முதன்மைப் பாட்டு, காம்போஜி ராகத்தில். பாட்டுக்கு முன் ராகத்தை மட்டும் விரிக்கும் ஆலாபனை அரை மணி நேரத்துக்குக் குறையாமல் நடந்தது. கீர்த்தனை, அதன் ஒரு வரியை விதவிதமாகப் பாடும் நிரவல், ஸ்வரங்களைக் கற்பனையில் கோக்கும் கல்பனாஸ்வரம் எல்லாம் முடிந்து, பாடகர் மிருதங்கத்தின் பக்கம் திரும்பி வலக்கையை நீட்டி, தாளக்கருவிகள் மட்டும் வாசிக்கும் பகுதியான தனிக்கு வழிவிட்டார். அந்தக் கை கீழே இறங்குவதற்குள் எனக்கு முன்னால் இருந்த இரண்டு வரிசைகளும் எழுந்துவிட்டன. பட்டுப்புடவைகளின் சரசரப்பும், நாற்காலிகள் மடங்கும் ஓசையும், இடைவழியில் நின்று ஒருவரையொருவர் நலம் விசாரிக்கும் குரல்களும் முதல் சில ஆவர்த்தனங்களை, அதாவது தாளச் சுற்றுகளை, முழுவதுமாக மூடிவிட்டன. மிருதங்கக் கலைஞர் ஒரே ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார்.

கச்சேரி கேட்காத நண்பர்களுக்காக, தனி ஆவர்த்தனம் என்றால் என்ன என்பதைச் சற்று விரித்துச் சொல்ல விரும்புகிறேன். இரண்டு மணி நேரத்துக்கு மேல் பாட்டுக்குத் துணையாக, பாடகரின் குரலுக்குக் கீழே தன் ஓசையை அடக்கி வாசித்துவந்த கலைஞர், அந்தப் பாட்டின் தாளத்தையே எடுத்துக்கொண்டு தன் சொந்தக் கற்பனையை விரிக்கும் நேரம் அது. மிருதங்கம் வாசித்ததற்குக் கடமோ கஞ்சிராவோ பதில் சொல்லும். பிறகு குறைப்பு வரும். ஆதி தாளமென்றால் எட்டு எண்ணிக்கையில் தொடங்கிய உரையாடல் நான்காகவும் இரண்டாகவும் ஒன்றாகவும் சுருங்கி, கடைசியில் இருவரும் ஒரே மூச்சில் பேசுவது போலாகிவிடும். அதன்பின் மோரா, கோர்வை என்னும் முடிப்புகள். மூன்றுமுறை வாசிக்கப்படும் அந்தக் கோர்வை கணக்குப் பிசகாமல் எடுப்பில், அதாவது பாட்டின் வரி தொடங்கும் இடத்தில், வந்து விழ, அதே இடத்தில் பாடகர் விட்ட வரியைப் பிடிப்பார். பாடகர் அரியக்குடி ராமானுஜ ஐயங்கார் வகுத்துத் தந்ததாகச் சொல்லப்படும் கச்சேரிப் பத்ததியில் இந்த இடம் சிகரம் என்பதே என் எண்ணம். அங்கேதான் முன்வரிசைகள் காலியாகின்றன.

தனிக்கு எழுந்து போகிற எல்லோரையும் நான் குறை சொல்லவில்லை. வயதானவர்களுக்கு இடையில் எழவேண்டிய தேவை இருக்கும். கடைசிப் பேருந்தைப் பிடிக்க வேண்டியவர்களும் உண்டு. நான் பேசுவது வேறொரு வகையினரைப் பற்றி. என் பக்கத்து இருக்கையில் இருந்த அம்மையார் கச்சேரி தொடங்குமுன் மேடை பின்னணியில் தெரியும்படி மூன்று படங்கள் எடுத்துக்கொண்டார். ஆலாபனையின் நடுவே அவற்றை யாருக்கோ அனுப்பினார். பதில்கள் வரவர அவற்றைப் படித்தார். வயலின் கலைஞர் வாசித்துக்கொண்டிருந்தபோது என் பக்கம் சாய்ந்து, "இன்னும் எவ்வளவு நேரம் போகும் சார்?" என்று கேட்டார். அவர் கெட்டவரும் அல்லர், மரியாதை தெரியாதவரும் அல்லர். அந்த மாலை அவர் அங்கே செய்யவேண்டியிருந்த காரியம், வந்ததும் அமர்ந்ததும் சிலர் கண்ணில் பட்டதும், முடிந்துவிட்டது. இசை அதற்குப் பிறகும் நடந்துகொண்டிருந்தது.

கலையும் அந்தஸ்தும் என்றைக்குமே கைகோத்துத்தான் வந்திருக்கின்றன என்பதை நான் மறுக்க மாட்டேன். அரசர்களும் ஜமீன்தார்களும் வித்துவான்களை ஆதரித்ததில் பெருமை காட்டும் ஆசையும் கலந்தே இருந்தது. அவர்களின் ஆதரவு தளர்ந்தபோது சென்னையின் வழக்கறிஞர்களும் அதிகாரிகளும் வணிகர்களும் அந்த இடத்துக்கு வந்தார்கள். 1927 டிசம்பரில் சென்னையில் காங்கிரஸ் மாநாடு கூடியபோது அதனுடன் ஓர் இசை மாநாடும் நடந்தது. அதன் விளைவாக 1928இல் மியூசிக் அகாதெமி தோன்றியது. டிசம்பர் சீசன் என்று நாம் சொல்வது அதிலிருந்து கிளைத்து வளர்ந்ததுதான். தமிழ்ப் பாடல்களுக்கு மேடையில் உரிய இடம் வேண்டும் என்ற கோரிக்கையோடு 1943இல் தமிழ் இசைச் சங்கம் எழுந்தபோதும் அதன் பின்னே செல்வர்கள் நின்றார்கள். செல்வர்கள் பணம் தராமல் இந்த இசை நகரத்தில் நிலைத்திருக்காது. ஆகவே நன்கொடையாளருக்கு நல்ல இருக்கை தருவதில் எனக்கு வருத்தம் இல்லை.

என் தந்தையார் தஞ்சை மாவட்டத்துக் கிராமத்தில் பிறந்தவர். சபா வாசலை மிதித்தவர் அல்லர். அவர் இசை கேட்டது தெருவில். கோயில் உற்சவத்தில் மல்லாரி என்னும் புறப்பாட்டு இசையோடு சுவாமி புறப்பட்டால், நாதஸ்வரக்காரர் நாலு வீதியின் முனைகளிலும் நின்று ஆலாபனை செய்வார். வீதி திரும்பவே நள்ளிரவு தாண்டிவிடும். இன்ன வித்துவானை வரவழைத்தேன் என்று பத்து ஊருக்குத் தெரியவேண்டும் என்றுதான் மிராசுதார் அவரை வரவழைத்தார். ஆனால் அந்த ஆசையின் பயன் திண்ணையில் உட்கார்ந்திருந்தவருக்கும், மாட்டைக் கட்டிவிட்டு வந்து தெருவோரம் குந்தியிருந்தவருக்கும் சேர்ந்தே கிடைத்தது. தோடி ராகம் விடியும்வரை நடந்த இரவொன்றைப் பற்றி அப்பா சொல்லும்போது, பணம் கொடுத்தவர் பெயரை ஒருநாளும் சொன்னதில்லை. தவில்காரர் எந்த இடத்தில் நிறுத்தினார், கூட்டம் எந்த இடத்தில் தன்னை மறந்து "ஆகா" என்றது என்பதைச் சொல்வார். மிராசுதாரின் பெருமைக்கும் நம் காலத்துப் பெருமைக்கும் நான் காணும் வேறுபாடு இதுதான். அவருடைய பெருமை இசையைத் திறந்த வெளியில் கொட்டியது. இன்றைய பெருமை ஓர் இருக்கையைப் பிடித்து வைத்துக்கொள்கிறது. பாதி நேரம் அதைக் காலியாகவும் வைத்துவிடுகிறது.

அதே நாதஸ்வரம் இன்று சபாவில் படும் பாட்டையும் சொல்லத்தான் வேண்டும். பல சபாக்களில் சீசனின் தொடக்க நாளில் மங்கல இசை என்று அழைப்பிதழில் முதல் வரியில் போடுவார்கள். நான் போன அத்தகைய மாலைகளில் அரங்கம் நிறையத் தொடங்குவது அதன் கடைசிப் பத்து நிமிடத்தில்தான், அடுத்து வரும் தொடக்க விழாவுக்காகவும் மேடையேறும் பிரமுகர்களுக்காகவும். பிற்பகல் கச்சேரிகளின் நிலையும் இதுவே. பல சபாக்களில் அவற்றுக்குக் கட்டணம் கிடையாது; இளம் கலைஞர்கள் ஆறு மாதம் உழைத்துத் தயார்செய்த பல்லவியைப் பாடுவார்கள். யாரும் யாரையும் பார்க்கப்போவதில்லை என்பதால் அந்த நேரத்துக்கு இருபது பேர் இருந்தாலே அதிகம்.

எனக்குத் தெரிந்த இளம் மிருதங்கக் கலைஞர் ஒருவர் சென்ற ஆண்டு சொன்னார்: "தனிக்கு எட்டு நிமிஷத்துக்கு மேல வேண்டாம், கூட்டம் கலைஞ்சிடும்னு முன்னாடியே சொல்லிடறாங்க அண்ணா. நானும் கோர்வையைச் சின்னதா வச்சுக்கறேன்." அதை அவர் குறையாகக்கூடச் சொல்லவில்லை, பழகிப்போன ஒன்றைச் சொல்வதுபோல் சொன்னார். கேட்காதவர்கள் எழுந்து போவதோடு முடிந்தால் அது அவர்கள் சொந்த நட்டம். அவர்களுக்காக வாசிப்பே சுருங்குகிறது என்பதுதான் என்னால் தாங்க முடியாதது.

நானும் இந்த இசைக்குள் அந்தஸ்தின் வாசல் வழியாகத்தான் வந்தேன். வேலைக்குச் சேர்ந்த புதிதில் அலுவலக மேலதிகாரிகள் சீசனுக்குப் போவதைப் பார்த்து, அவர்களோடு பேச ஒரு பொருள் கிடைக்கும் என்று சீட்டு வாங்கினேன். முதல் இரண்டு கச்சேரிகளில் ஒன்றும் பிடிபடவில்லை. மூன்றாவதில் தனி தொடங்கியபோது நானும் எழுந்துவிட்டேன். பக்கத்தில் இருந்த முதியவர், என் பெயர்கூடத் தெரியாதவர், என் மணிக்கட்டைத் தொட்டு, "உட்காருங்கோ தம்பி, இனிமேதான் இருக்கு" என்றார். தம் தொடையில் அவர் போட்ட தாளத்தை நான் பார்க்கும்படி சற்று உரக்கவே போட்டுக் காட்டினார். அடி, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல், பிறகு அடி, வீச்சு, அடி, வீச்சு. அவர் கையைப் பார்த்து என் கையும் எண்ணத் தொடங்கியது. கோர்வை மூன்றாம் முறை வந்து விழுந்தபோது எங்கள் இருவர் கையும் ஒரே அடியில் விழுந்தன. வேறு காரணத்துக்காக உள்ளே வந்தவனுக்கும் இசை பிடிபடும் என்பதற்கு நானே சாட்சி. அதற்கு அவன் எழுந்து போகாமல் இருக்கவேண்டும். பக்கத்தில் கேட்கத் தெரிந்த ஒருவரும் இருக்கவேண்டும். கேட்கத் தெரிந்தவர்களை மாடிக்கு அனுப்பிவிட்டால் முன்வரிசையில் யார் யாருக்குச் சொல்லிக்கொடுப்பார்கள்?

காம்போஜி மாலைக்குத் திரும்புகிறேன். குறைப்பு தொடங்கியிருந்தது. பக்கவாட்டுக் கதவருகே கல்லூரி வயதுப் பையன்கள் இருவர் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் தோளில் உறையிட்ட மிருதங்கம். எனக்கு முன்னால் இரண்டு வரிசை காலியாக இருந்ததால், வந்து உட்காரும்படி கைகாட்டினேன். அவர்கள் இரண்டடி எடுத்து வைத்தபோது தொண்டர் ஒருவர் வந்து, "அதெல்லாம் டோனர் சீட், தம்பி" என்று பணிவாகவே தடுத்துவிட்டார். பையன்கள் வாதாடவில்லை. பழைய இடத்துக்கே போய்ச் சுவரோடு சாய்ந்து நின்றுகொண்டார்கள். மோரா முடிந்து கோர்வை எழுந்தது. மிருதங்கக் கலைஞர் தலையைத் தூக்கி, காலியான நாற்காலிகளைத் தாண்டி, கதவருகே இரண்டு கைகள் தாளம் போடுவதைக் கண்டார். மூன்றாவது முறையை அவர் அந்தப் பக்கம் பார்த்தபடியே வாசித்து முடித்தார்.